குதிரைக்கு வைத்த பொட்டு

தணிகாசலம் மேஜை மேல் வைத்தது ஒரு துப்பாக்கி. அடுத்து சட்டைப் பையிலிருந்து எடுத்து அதன் பக்கத்தில் வைத்தது அந்தத் துப்பாக்கியின் மூக்கு.

மணவாள நகரில் ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் இருக்கிறது ஹெலன் துப்பறியும் நிறுவனம். பெயரைக் கேட்டு மிரண்டுவிட வேண்டாம். ஒரு மேஜை, மூன்று நாற்காலி, சத்தம் போடும் ஒரு ஃபேன், அதைவிட அதிகமாகச் சத்தம் போடும் வரதன். அவ்வளவுதான் நிறுவனம். ஹெலன் ஓர் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பொய் க்ளெய்ம்களைக் கண்டுபிடிக்கிற வேலையில் இருந்தவள். அடுத்தவனுக்காக எத்தனை காலம் பொய்யைப் பிடிப்பது என்று ஒரு நாள் கோபித்துக்கொண்டு வெளியே வந்து, சொந்தமாகப் பிடிக்க ஆரம்பித்தாள். வரதன் முன்பு ஷேர் ஆட்டோ ஓட்டினான். ஆட்டோ நிறைய ஆட்களிடம் பேசிப் பழகியவனுக்கு இப்போது ஹெலன் ஒருத்திதான் கிடைத்திருக்கிறாள். அத்தனை பேருக்கான பேச்சையும் அவளே கேட்டாக வேண்டும்.

"இது இன்னா பெரியவரே, துப்பாக்கிய ஸ்பேர் பார்ட்ஸா எடுத்துக்கினு வந்துகீறீங்க?" என்றான் வரதன்.

தணிகாசலம் அவனை ஏற இறங்கப் பார்த்தார். திருப்பாச்சூரில் நெல் வயல்களும் ஒரு பம்ப்செட்டும் நிறைய முன்கோபமும் உள்ள மனிதர். வயது அறுபத்தைந்து. இன்றைக்கு அந்த முன்கோபத்தை வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தார். முகத்தில் பயம் மட்டும்தான் இருந்தது.

"எலெக்சன் வருதில்லம்மா," என்றார் ஹெலனிடம். "லைசென்ஸ் வெச்சிகீறவன்லாம் துப்பாக்கிய ஸ்டேஷன்ல ஒப்படைக்கணும். இன்னைக்கு சாயங்காலத்தோட கெடு முடியுது. காலைல பீரோலேர்ந்து எடுத்து தொடைக்க சொல்ல கை தவறி முத்தத்துல வுழுந்துச்சு. மூக்கு ஒடஞ்சி போச்சு."

"இரும்புத் துப்பாக்கியா? எங்க ஊட்டு தோசைக்கல்லு எத்தினியோ வாட்டி வுழுந்துகீது. தரையில தான் பள்ளம்," என்றான் வரதன்.

"அதாம்பா பேஜாரு. உள்ள பாரு, வெள்ளையாகீது. மரவள்ளிக் கெழங்க ஒடச்சா மாரி."

ஹெலன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு எடுத்துப் பார்த்தாள். வெளியே கறுப்புப் பெயின்ட், உள்ளே ஏதோ வார்ப்பு உலோகம். இது நகல். அதைச் சொல்ல துப்பறியும் நிறுவனம் தேவையில்லை, முற்றமே சொல்லிவிட்டது. கேள்வி, ஒரிஜினல் எங்கே என்பதுதான்.

ஒரிஜினல் சாதாரணப்பட்டது அல்ல. நூறு வருடத்துக்கு முன்னால் அமெரிக்காவில் செய்த கைத்துப்பாக்கி. ஒரு குண்டு போனதும் அடுத்த குண்டைத் தானே ஏற்றிக்கொள்ளும் ரகம். பக்கவாட்டில் முன்னங்காலைத் தூக்கி நிற்கும் ஒரு சின்னக் குதிரை செதுக்கியிருக்கும். தணிகாசலத்தின் அப்பா வாங்கியது. அப்பாவுக்குப் பின் லைசென்ஸ் மகன் பெயருக்கு மாறியது. திருப்பாச்சூரில் அதைக் குதிரைத் துப்பாக்கி என்றால்தான் தெரியும்.

"சாயங்காலத்துக்குள்ள ஒரிஜினல குடுக்கலன்னா எனக்கு ஜெயில் தாம்மா," என்றார் தணிகாசலம். "லைசென்ஸ் துப்பாக்கிய தொலச்சவன சும்மா வுடுவாங்களா? வித்துட்டியா, எந்த ரவுடிக்கு குட்த்தேன்னு நோண்டுவாங்க. இந்த வயசுல உள்ள போயி உக்கார சொல்றியா? ஊட்ல இன்னும் யாருக்கும் சொல்லல."

ஹெலன் நகலில் இருந்த குதிரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். குதிரையின் நெற்றியில் குங்குமப் பொட்டு இருந்தது. கைக்குட்டையைத் தண்ணீரில் நனைத்துப் பொட்டைத் தேய்த்தாள். சிவப்பு வந்துவிட்டது. ஆனால் பொட்டு இருந்த இடத்தில் மிளகு அளவுக்கு ஒரு மேடு அப்படியே நின்றது. இன்னும் அழுத்தித் தேய்த்தாள். மேடு அசையவில்லை. அவள் முகத்தில் சிரிப்பு வந்தது.

"ஐயா, பொட்டு எப்பலேர்ந்து இருக்கு?"

"அது எங்க நைனா காலத்துலேர்ந்தும்மா. ஆயுத பூஜைக்கு ஆயுதத்துக்கு பொட்டு வெக்காம இன்னா பண்றது? தொடைக்கறதே கெடையாது. வருசா வருசம் அது மேலயே சந்தனம், குங்குமம் வெச்சி வெச்சி கல்லாட்டம் ஆயிடுச்சி."

"அச்செடுத்த ஆளு அந்தப் பொட்டோட சேத்து அச்செடுத்திருக்கான். ஒரிஜினல்ல பொட்டுன்றது சந்தனம். ஈரத்துணியால தேய்ச்சா கரைஞ்சிடும். நகல்ல பொட்டே உலோகம். நம்பரும் குதிரையும் ஒரே மாதிரி இருந்தாலும் பொட்டு காட்டிக்குடுத்துடும்."

வரதன் துப்பாக்கியை வாங்கி மூக்குக்கு நேராகப் பிடித்துப் பார்த்தான். "யக்கா, நானும் தான் பாத்தேன். எனக்கு ஒண்ணுமே தோணலியே."

"உன் பைக்குக்கு பொட்டு இருக்கு, உங்க ஊட்டு கிரைண்டருக்கு இருக்கு, ஈபி மீட்டருக்குக்கூட இருக்கு. தெனம் பாக்கறவனுக்கு எங்க தெரியப் போவுது? நான் பொட்டு வெக்காதவ. எனக்கு மொதல்ல அதுதான் கண்ல பட்டுது."

பிறகு ஹெலன் சாவியைப் பற்றிக் கேட்டாள். பீரோ சாவி எப்போதும் தணிகாசலத்தின் அரைஞாண் கயிற்றில்தான் தொங்குமாம். குளிக்கும்போது மட்டும் ஆணியில் தொங்குமாம். அவரைத் தவிர வீட்டில் இருப்பது இரண்டே பேர், மனைவி சின்னப்பொண்ணும் மகன் அன்புராஜும்.

"அவ பீரோ பக்கமே வரமாட்டா. துப்பாக்கின்னாலே அவளுக்கு ஒதறும்," என்றார் தணிகாசலம். "பையன் கும்மிடிப்பூண்டில ஒரு இரும்புக் கம்பெனில சூப்பர்வைசரு."

"இரும்பு," என்றான் வரதன், கேஸ் முடிந்துவிட்ட தொனியில்.

"உங்களுக்கு யாரோடயாவது தகராறு உண்டா ஐயா?"

"குப்புராஜ். பக்கத்து நெலத்துக்காரன். மாசி மாசம் எனக்கு வர்ற தண்ணிய மடைய போட்டு அடச்சிட்டான். போயி துப்பாக்கிய காட்டினேன். சும்மா காட்டினேன், அவ்ளோதான். ஓடிட்டான்."

'சும்மா' என்று சொல்லும்போது அவர் ஃபேனைப் பார்த்தார். ஹெலன் அதைக் கவனித்தாள். "நீங்க ஊட்டுக்குப் போயி வழக்கம் போல இருங்க. மதியத்துக்கு மேல வர்றோம்," என்று அனுப்பிவிட்டு வரதனின் பைக்கில் ஏறினாள்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் அந்தக் கம்பெனி வாசலில் அன்புராஜ் ஹெல்மெட்டோடு வெளியே வந்தான். அப்பாவைப் போலவே அகலமான முகம். வரதன் செல்போனில் மூக்குடைந்த துப்பாக்கியின் போட்டோவைக் காட்டினான். அன்புராஜின் முகம் வெளுத்துப் போனது.

"நைனா யாரயாவது சுட்டுட்டாரா?"

"மூக்கு இல்லாத துப்பாக்கில யார சுடறது? தும்மத்தான் முடியும்," என்றான் வரதன்.

அன்புராஜ் மூச்சு விட்டான். அதன் பிறகு அவனிடம் எதையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. எல்லாவற்றையும் அவனே கொட்டினான். "நான் தாங்க மாத்தினேன். மடை தகராறுல குப்புராஜ் மாமா மேல துப்பாக்கிய நீட்டிட்டாரு. ஊரே பாத்துச்சு. இன்னொரு வாட்டி கோவம் வந்து சுட்டுட்டார்னா? அப்புறம் தூக்குத்தண்டனை வரைக்கும் போவும். அதான் பங்குனியில ஒரு நாள் அவரு குளிக்க சொல்ல சாவிய எடுத்தேன். காக்களூர்ல ஜெரால்டுன்னு ஒருத்தர் அலுமினிய வார்ப்பு பண்றாரு. அவர்கிட்ட குட்த்து அதே மாரி ஒண்ணு பண்ணி பீரோல வெச்சிட்டேன். நெஜம் என் லாக்கர்ல பத்தரமா கீது. எலெக்சன் டேட்ட மறந்தே போயிட்டேன், சத்தியமா."

"சரி, அதக் கொண்டாங்க."

உள்ளே போனவன் ஒரு மூன்றடுக்கு டிபன் கேரியரோடு திரும்பி வந்தான். அடித்தட்டு கனத்தது. ஷிஃப்டில் ஆள் இல்லாததால் அவனால் கூட வர முடியாது. செக்யூரிட்டி கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்ததால் அங்கே கேரியரைத் திறந்து பார்க்கவும் முடியவில்லை. ஹெலன் அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

"யக்கா," என்றான் வரதன், பைக்கைக் கிளப்பியபடி. "லைசென்ஸ் பெரியவர் பேர்ல கீது. துப்பாக்கி உன் மடியில கீது. எலெக்சன் நேரம் வேற. இது சட்டப்படி கரீட்டா?"

"இல்ல."

"தெரிஞ்சிக்கலாம்னு கேட்டேன்."

பெரியபாளையத்தைத் தாண்டி ஒரு புளியமரத்தடியில் தேர்தல் பறக்கும் படை நின்றிருந்தது. ஓர் அதிகாரி, ஒரு போலீஸ்காரர், வீடியோ எடுக்க ஒருவர். போகிற வண்டிகளில் பத்தில் ஒன்றைத்தான் நிறுத்தினார்கள். அந்த ஒன்று எது என்று நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

அதிகாரி நல்ல மனிதராகத்தான் தெரிந்தார், ஆனால் மதியம் சாப்பிடாத மனிதர். டிபன் கேரியரைப் பார்த்ததும் அவர் கடமையும் பசியும் ஒன்றாகச் சேர்ந்துகொண்டன. மேல் தட்டில் எலுமிச்சை சாதம். நடுத்தட்டில் உருளைக்கிழங்கு. அடித்தட்டில், வாழை இலை மேல், குதிரைத் துப்பாக்கி.

 வீடியோக்காரர் ஓரடி முன்னால் வந்தார்.

"பொம்மை சார்," என்றான் வரதன். பயத்தில் அவன் வாய்க்கு வருவது பொய்தான், ஆனால் சரளமாக வரும். "அக்கா பையனுக்கு. துப்பாக்கி இல்லாம சோறு துன்ன மாட்டேன்றான்."

"பொம்மைக்கு எவனாவது பொட்டு வெப்பானா?" என்றார் அதிகாரி. "இது ஆயுத பூஜையில வெச்ச துப்பாக்கி. நெஜத் துப்பாக்கி."

அதிகாரிக்கு மூளை இருந்தது.  நிஜமென்று தெரிந்தால் ஹெலனும் வரதனும் இங்கேயே கைது. நிறுவனத்துக்குப் பூட்டு. சாயங்காலம் துப்பாக்கியில்லாமல் தணிகாசலமும் உள்ளே.

போலீஸ்காரர் கட்டைவிரலை நாக்கில் தொட்டுப் பொட்டின் மேல் வைத்துத் தேய்த்தார். ஹெலன் கண்ணை மூடிக்கொண்டு ஜெபித்தாள். ஆண்டவரே, பொட்டு போகக் கூடாது, நாங்கள் தப்பிக்க வேண்டும். அடுத்த மூச்சில் இன்னொரு ஜெபமும் வந்தது. ஆண்டவரே, பொட்டு போகவேண்டும், அது ஒரிஜினலாக இருக்கவேண்டும். இரண்டையும் ஒரே நேரத்தில் கேட்டால் ஆண்டவர்தான் என்ன செய்வார்.

"சார், சாயம் மட்டும் தான் போவுது. மேடு போவல," என்றார் போலீஸ்காரர். சந்தேகத்தோடு பைக் சாவியால் அடிப்பக்கத்தில் ஒரு கீறல் போட்டார். வெள்ளையாக மின்னியது. "அலுமினியம் சார். டம்மி."

அதிகாரி ஏமாந்துபோன முகத்தோடு கேரியரை மூடிக் கொடுத்தார். உருளைக்கிழங்கை அவரே வைத்துக்கொள்ளும்படி வரதன் சொன்னான். கடமை உணர்வு அவரை மறுக்க வைத்தது.

கொஞ்ச தூரம் வந்ததும் வரதன் பைக்கை ஓரம் கட்டி வயிறு குலுங்கச் சிரித்தான். "யக்கா, நான் வுட்ட பொய்யி உண்மையாயிடுச்சி. இந்த மாரி எப்பவாவது நடந்துகீதா?"

"சிரிக்காத. நாம தப்பிச்சோம், பெரியவரு மாட்டினாரு. அன்புராஜ் எடுத்தப்பவே பீரோல இருந்தது நகல். அவனுக்கு முன்னாடியே வேற யாரோ ஒரிஜினல எடுத்துட்டாங்க. அவன் நகல எடுத்துட்டு அந்த எடத்துல இன்னொரு நகல வெச்சிருக்கான்."

வரதனின் சிரிப்பு நின்றது. "அப்ப ரெண்டுமே டூப்பா? ஒரே பீரோவுக்கு எத்தினி திருடன் தான் வருவான்?"

காக்களூர் எஸ்டேட்டில் ஜெரால்டின் பட்டறை. பம்ப் மூடிகள், ஃபேன் இறக்கைகள், வார்ப்பு மண்ணின் வாசனை. ஜெரால்ட் ஹெலனுக்குப் புதியவன் அல்ல. இருவரும் ஒரே சர்ச். அவளைப் பார்த்ததும் அவன் கையிலிருந்த அரத்தைக் கீழே வைத்தான். கேரியரின் அடித்தட்டைப் பார்த்ததும் தானும் உட்கார்ந்துவிட்டான்.

"இது உன் வேலை தானே ஜெரால்டு?"

"நா ஒண்ணியும் சொல்ல மாட்டேன் சிஸ்டர். பைபிள் மேல சத்தியம் பண்ணிகீறேன்."

"யாருக்கு?"

"அத சொல்ல மாட்டேன்னு தான் சத்தியம்."

"எத்தினி பேருக்குபா சத்தியம் பண்ணே?" என்றான் வரதன், அக்கறையோடு.

"ரெண்டு பேருக்கு," என்றான் ஜெரால்ட். சொன்ன பிறகு தலையில் கை வைத்துக்கொண்டான்.

"ரெண்டாவது ஆளு அன்புராஜ். அவனே சொல்லிட்டான், அந்த சத்தியத்துலேர்ந்து உனக்கு விடுதலை," என்றாள் ஹெலன். "அவன் கொண்டாந்தது நகல்னு உனக்குத் தெரிஞ்சிருக்குமே?"

"தெரியாம? என் சரக்கு சிஸ்டர் அது. கனம் சரியா வரணும்னு உள்ள ஈயம் ஊத்தி, விசைய இழுத்தா டிக்குனு சத்தம் வரணும்னு ஸ்ப்ரிங்கு போட்டு, ஒரு வாரம் ஒக்காந்து பண்ணது. என் பொருளையே என்கிட்ட நீட்டி, 'இது ஒரிஜினலு, பாத்து, வெடிச்சிடப் போவுது'ன்றான். சிரிப்ப அடக்கறதுக்குள்ள எனக்கு கண்ல தண்ணி வந்துச்சு. சொல்லவும் முடியல. மொத ஆளுக்கு சத்தியம் பண்ணியாச்சே. பழைய அச்சு கெடந்துச்சு. அதுலியே இன்னொண்ணு ஊத்திக் குட்த்துட்டேன்."

"மொத ஆளு பேரு வேணாம். எனக்கு ஒண்ணே ஒண்ணு சொல்லு. நீ சர்ச்சுக்கு வர்றப்ப செருப்பக்கூட தொடைச்சிட்டு வர்ற ஆளு. அச்செடுக்கறதுக்கு முன்னாடி சாமான கழுவ மாட்டியா? பொட்டோட ஏன் எடுத்தே?"

ஜெரால்டுக்கு இந்தக் கேள்வி ரோஷத்தைக் கிளப்பிவிட்டது. தொழிலைக் குறை சொன்னால் யாருக்கும் அப்படித்தான். "கழுவலாம்னு தான் தண்ணில முக்கப் போனேன். கைய புடிச்சி தடுத்துட்டாங்க. பொட்ட மட்டும் அழிக்காத, உனக்குப் புண்ணியமா போவும்னு ஒரே அழுக. அப்புறம் நா இன்னா பண்றது? குதிரை மூஞ்சில மேடு வுழுந்தா என்ன திட்டக்கூடாதுன்னு அப்பவே சொல்லிட்டேன்."

ஹெலன் எழுந்தாள். "ரொம்ப தேங்க்ஸ் ஜெரால்டு. சத்தியம் உடையல. இனிமே யார் வந்து கேட்டாலும் துப்பாக்கி மாதிரி எதுவும் பண்ணாத. அந்த அச்ச இன்னைக்கே ஒடச்சிடு."

வெளியே வந்ததும் வரதன் கேட்டான். "அவன் யார்னு சொல்லவே இல்லியே. நாம எங்க போறோம்?"

"திருப்பாச்சூர். யோசிச்சுப் பாரு. திருடனா இருந்தா அடையாளம் தெரியக் கூடாதுன்னு பொட்டத் தான் மொதல்ல தொடைப்பான். இங்க தொடைக்க வந்தவன் கையப் புடிச்சி ஒரு ஆளு அழுதிருக்கு. அது யாரு வெச்ச பொட்டு? யாரோட சாமான் மேல வெச்சது?"

வரதன் பைக்கில் போட்ட சாவியைத் திரும்ப எடுத்தான். "புருஷன் சாமானு," என்றான். "எங்க அம்மா கூட அப்பா வண்டில வெச்ச பொட்ட வாட்டர் வாஷுக்கு வுட மாட்டாங்க. பழையபடி அவங்களே வெச்சிட்டு தான் வண்டிய எடுக்க வுடுவாங்க." அதற்கு மேல் அவன் ஜோக் எதுவும் அடிக்கவில்லை. திருப்பாச்சூர் வருகிற வரைக்கும் அவன் வாய் மூடியே இருந்ததை ஹெலன் ஆச்சரியத்தோடு கவனித்தாள்.

தணிகாசலம் உள்ளே கட்டிலில் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்திருந்தார். துப்பாக்கியை ஒப்படைத்தாயிற்று என்று மனைவியிடம் பொய் சொல்லிவிட்டுப் படுத்தவர்தான். சின்னப்பொண்ணு சமையலறையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். ஹெலன் அவளுக்கு எதிரில் தரையில் உட்கார்ந்து, தானும் ஒரு கீரைத் தண்டை எடுத்து இலைகளைக் கிள்ளினாள்.

"ஐயா இன்னும் ஒப்படைக்கலம்மா. பீரோல இருந்தது ஒடஞ்சி போச்சு. சாயங்காலத்துக்குள்ள நெஜத்த குடுக்கலன்னா அவர உள்ள வெச்சிடுவாங்க."

சின்னப்பொண்ணின் கை நின்றது. அவள் ஏன் எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. எழுந்து, மேல் பலகையிலிருந்து உளுந்து டப்பாவை இறக்கினாள். உளுந்துக்குள் முழங்கை வரை கையை விட்டு ஒரு துணிப் பொட்டலத்தை எடுத்தாள்.

"இந்த ஊட்டு ஆம்பளைங்க பீரோ, பரண், பம்ப்செட்டு, எல்லாத்தியும் நோண்டுவானுங்க," என்றாள். "உளுந்து எங்க கீதுன்னு ஒருத்தனுக்கும் தெரியாது. டேட்டு சொன்ன அன்னிலேர்ந்து பழையபடி பீரோலியே வெச்சிடணும்னு பாக்கறேன். இந்த மனுசன் குளிக்கப் போனாலே பையன் ஊட்டுலியே சுத்திக்கினு கீறான். இன்னிக்கு காலைல வெக்கலாம்னு இருந்தேன். அதுக்குள்ள எடுத்துக்கினு கெளம்பிட்டாரு."

ஹெலன் துணியைப் பிரித்தாள். அதே குதிரை, அதே நம்பர். எழுத்துகளின் விளிம்பு மட்டும் கூர்மையாக இருந்தது. நகலில் மழுங்கலாக இருந்த குதிரைவால் இங்கே மயிர் மயிராகத் தெரிந்தது. நெற்றியில் தடித்த சிவப்புப் பொட்டு. பழக்கத்தில் அவள் கைக்குட்டையை நனைத்து நீட்டினாள். சின்னப்பொண்ணு அந்தக் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"வேணாம்மா. அழிக்காத."

ஹெலன் கைக்குட்டையை மடித்துப் பைக்குள் வைத்தாள். அந்தப் பிடியே போதும். பரீட்சை முடிந்தது.

சத்தம் கேட்டு எழுந்து வந்த தணிகாசலம் வாசற்படியில் நின்றபடி எல்லாவற்றையும் பார்த்தார். கோபத்தில் முகம் சிவந்தது. "நீயா? என் பீரோலேர்ந்து நீயா எடுத்தே? எப்ப எடுத்தே?"

"தை மாசம். நீ குளிக்க சொல்ல. உன் கோவத்துக்கு பயந்து தான்."

"தையா?" அவர் குரல் இறங்கியது. "அப்ப மாசி மாசம் மடையாண்ட என் கையில இருந்தது?"

"ஜெரால்டு பண்ணது."

அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு தண்ணீர் கேட்டார். குடித்தார். சொம்பைக் கீழே வைக்காமலே, யாரும் கேட்காத ஒன்றைச் சொன்னார். "நெஜமே இருந்திருந்தாலும் இன்னா? எறுகிப் போன சாமான். எங்க நைனா காலத்துலியே இழுக்க வராது." ஸ்டேஷனுக்குப் போகிற வழி முழுவதும் அதையே இரண்டு மூன்று தடவை சொன்னார். சின்னப்பொண்ணு தானும் வருவேன் என்று ஆட்டோவில் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

ஸ்டேஷனில் துப்பாக்கிகளை வாங்கிக்கொண்டிருந்தவர் ஏட்டம்மா செண்பகம். நாள் முழுக்க இரட்டைக்குழல்களாகப் பார்த்துச் சலித்தவர், குதிரையைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார். லைசென்ஸ் நம்பரை ஒத்துப் பார்த்தார். மேகசினைக் கழற்றித் தனியாக வைத்தார். மூலையில் இருந்த மணல் வாளியின் பக்கம் முனையைத் திருப்பி, மேல் பாகத்தைப் பின்னால் இழுத்தார்.

எந்த முரண்டும் இல்லாமல் வந்தது. உள்ளேயிருந்து ஒரு குண்டு துள்ளி மேஜையில் விழுந்து, உருண்டு, முத்திரை மைப் பெட்டியில் மோதி நின்றது.

"இன்னா ஐயா, உள்ளயே ஒரு ரவுண்டு கீது," என்றார் செண்பகம். "அந்தக் காலத்துல எண்ணெய போட்டு எவ்ளோ நல்லா வெச்சிகீறாங்க. சும்மா வெண்ணெயாட்டம் வருது. யாராவது விளையாட்டா விசைய இழுத்திருந்தா எதிர்ல நின்னவன் காலி."

சின்னப்பொண்ணின் கை வாய்க்குப் போனது. அவள் அதோடு உளுந்து அரைத்து, வடை சுட்டு, மூன்று மாதம் குடித்தனம் நடத்தியிருக்கிறாள். வரதன் மேஜையிலிருந்து ஓரடி பின்னால் போனான்.

தணிகாசலம் பெஞ்சில் உட்கார்ந்தார். குண்டையே பார்த்துக்கொண்டிருந்தார். மனைவி பக்கத்தில் வந்து உட்கார்ந்ததும், அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார். ஹெலனுக்கும் கேட்டது. கேட்காத மாதிரி ஜன்னலைப் பார்த்தாள்.

"அன்னிக்கு நா சும்மா காட்டல, சின்னப்பொண்ணு. விசைய இழுத்தேன். குண்டு நமுத்துப் போச்சின்னு நெனச்சேன்."

"தெரியும்," என்றாள் அவள். "ரெண்டு வாட்டி இழுத்த. மோட்டார் ரூமாண்ட நின்னு பாத்துக்கினு தான் இருந்தேன்."

தணிகாசலம் அவள் முழங்கை மேல் கையை வைத்தார். ஊரில் நாலு பேர் பார்க்க அவர் அப்படிச் செய்ததே இல்லை. அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. முந்தானையால் துடைத்துக்கொண்டாள்.

செண்பகம் ரசீதை நீட்டினார். "ரிசல்ட்டு வந்தப்புறம் இதக் காட்டி வாங்கிக்கலாம் ஐயா."

"வேணாம்மா. லைசென்சயும் சேத்து எடுத்துக்கோ. எனக்கு இனிமே வேணாம்."

"அதுக்குத் தனியா மனு எழுதணும். காரணம் கேப்பாங்க. வயசாயிடுச்சி, பராமரிக்க முடியலன்னு போட்டுக்கவா? எல்லாரும் அப்படித்தான் போடுவாங்க."

தணிகாசலம் எழுந்து மேஜைக்கு வந்தார். "வயசெல்லாம் ஒண்ணும் இல்ல. எனக்குக் கோவம் வரும். அத போடு."

செண்பகம் பேனாவை வைத்துவிட்டு அவரை நிமிர்ந்து பார்த்தார். "யார் மேல கோவம்னு கேப்பாங்களே ஐயா?"

"இப்ப யார் மேலயும் இல்ல," என்றார் தணிகாசலம். "அதாம்மா, இப்பவே வாங்கிக்கோ."